முதல் நுங்கின் ஹக்கு



மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாள்களில் சாத்தான்குளத்துக் கடைத்தெருவின் முகம் மாறிவிடும். சாலையோரங்களில் நுங்குக் குலைகள் வந்து இறங்கும். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்கள், மிதிவண்டியில் கட்டிவந்த பதநீர்க் குடத்தைச் சுற்றி நிற்பார்கள். நெல்லைச் சீமையில் நாம் பதனி என்றும் பயினி என்றும் அழைக்கும் அந்த இனிப்பு நீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கிப் பருகுவதற்கு ஈடான காலையுணவு இந்தப் பருவத்தில் வேறில்லை. அடுத்தடுத்த வாரங்களில் வெள்ளரிப் பிஞ்சு, மாங்காய், தேரிக்காட்டுக் கொல்லாம்பழம், கட்டுக் கட்டாய் முருங்கைக்காய் என்று சந்தை நிறைந்துவிடும். தாமிரபரணி பாயும் நஞ்சை வயல்களுக்கு அப்பால், செம்மணல் தேரிகளை ஒட்டிக் கிடக்கும் வானம் பார்த்த பூமி நம்முடையது. அந்த வறண்ட மண்ணிலிருந்து, கோடை வெயில் ஏற ஏற, இத்தனை குளிர்ச்சியையும் இனிப்பையும் வெளிக்கொணர்பவன் அல்லாஹ் ஒருவனே. அல்ஹம்து லில்லாஹ்.

உணவு பற்றி மார்க்க அடிப்படையில் பேசத் தொடங்கினால் நம்மில் பலர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறோம்: இது ஹலாலா, ஹராமா? அவசியமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை கிடைத்ததும் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணி, உண்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறோம். ஹலாலான உணவுக்கும் ஒரு ஹக்கு, ஓர் உரிமை இருக்கிறது என்பதையும், அந்த உரிமையைச் செலுத்தாமல் உண்டால் பருவம் தரும் பரக்கத்தில் ஒரு பங்கை நாம் இழக்கிறோம் என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

அறுவடை நாளின் உரிமை

திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் தோட்டங்களையும், பேரீச்சை மரங்களையும், பல்வேறு சுவையுடைய விளைச்சல்களையும், ஒலிவத்தையும் மாதுளையையும் நினைவூட்டுகிறது. பிறகு மூன்று கட்டளைகளை அடுத்தடுத்து வைக்கிறது. அவை காய்த்துக் கனியும்போது உண்ண வேண்டும். அறுவடை நாளில் அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். வீண்விரயம் செய்யக் கூடாது. உண்பதே முதலில் கூறப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பருவத்தின் கனியைச் சுவைப்பது மார்க்கம் பொறுத்துக்கொள்ளும் ஒரு பலவீனமன்று. அது படைத்தவனின் விருந்துக்கு நாம் அளிக்கும் மதிப்பு. ஆனால் அந்த அழைப்பை அடுத்த நொடியே உரிமை பற்றிய கட்டளை தொடர்ந்து வருகிறது.

இவ்வுரிமையை விளக்கும்போது ஃபிக்ஹு அறிஞர்கள் விளைச்சலுக்கான ஸகாத்தைப் பேசுவார்கள். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள நபிமொழியிலிருந்து பெறப்படும் அளவு. எந்தெந்த விளைபொருளுக்கு அது கடமை என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. சேமித்து வைக்கத்தக்க முக்கிய உணவுத் தானியங்களுக்கும், பேரீச்சை, திராட்சைக்கும்தான் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நிலத்தின் விளைச்சலில் மிகப் பரவலாக அதைக் கடமையாக்குவது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை.

நம்மில் பெரும்பாலோருக்கு நிலமில்லை. கடை வைத்திருக்கிறோம், வளைகுடா நாடுகளில் உழைக்கிறோம், ஆசிரியராக, எழுத்தராக இருக்கிறோம். ஆகவே அந்த வசனத்தின் நடுப்பகுதி நமக்கு உரியதன்று என்று கடந்துவிடுகிறோம். வாங்கி உண்பவன் மீது ஸகாத் கடமையில்லை என்பது உண்மையே. அதைச் சட்டமாக மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் விளைச்சலை உண்பவன் அதை விளைவித்தவனுக்கும், அண்டை வீட்டாருக்கும், மரத்துக்கும் எதுவுமே கடன்படவில்லை என்று அந்த வசனத்திலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது. நபி (ஸல்) அவர்களின் நடைமுறை ஒன்று அதைத் தெளிவாக்குகிறது.

முதல் கனி வந்தபோது

மதீனா மக்கள் பருவத்தின் முதல் கனியைக் கண்டால் அதை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. நபியவர்கள் அதைக் கையில் வாங்கியதும் துஆச் செய்வார்கள். தங்கள் கனிகளில் பரக்கத் வேண்டுவார்கள். தங்கள் ஊரில் பரக்கத் வேண்டுவார்கள். தங்கள் ஸாஉவிலும் முத்திலும் பரக்கத் வேண்டுவார்கள். பிறகு அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையை அழைத்து, அந்தக் கனியை அதன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஸாஉ, முத்து என்பவை அக்காலத்து முகத்தல் அளவைகள்; நம் பழைய படி, நாழி போன்றவை. புதிய கனியைக் கண்ட மகிழ்ச்சியான நேரத்தில் அளவைப் பாத்திரத்தை நினைத்துத் துஆக் கேட்டதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. கனி, ஊர், அளவை, குழந்தை. ஒரு பருவத்தின் விளைச்சல் யார் யாருக்குக் கடமைப்பட்டது என்பதன் முழுப் பட்டியலும் இந்த நான்கில் அடங்கியிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக நம் நுங்குக்கும் பதநீருக்கும் பொருத்திப் பார்ப்போம்.

கனியின் உரிமை

கனியின் முதல் உரிமை, அதை அதன் காலத்தில் மகிழ்ந்து உண்பதாகும். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியோடு வெள்ளரியைச் சேர்த்து உண்டதைத் தாம் கண்டதாக அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பேரீச்சையின் வெம்மையை முலாம்பழ வகையின் குளிர்ச்சியால் சமன்படுத்தி உண்டதாக மற்றோர் அறிவிப்பு அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பதநீரில் நுங்குச் சுளையையும் மாங்காய்த் துண்டையும் போட்டுக் குடிக்கும் நம் ஊர் வழக்கம் எனக்கு எப்போதும் அந்த அறிவிப்புகளை நினைவூட்டும். பருவத்தில் கிடைப்பதை, ஒன்றின் குணத்தை மற்றொன்றால் சரிசெய்து, நன்றியோடு உண்பதில் அழகான ஒரு முன்மாதிரி நமக்கு இருக்கிறது.

இங்கே சில குடும்பங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு: கள்ளும் பதநீரும் ஒரே பாளையிலிருந்துதானே வருகின்றன, பதநீர் குடிக்கலாமா? பாளையிலிருந்து சொட்டும் நீர் இயல்பாக இனிப்பானது. வெயிலில் சில மணி நேரம் இருந்தால் அது புளித்துப் போதையேறும் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிப்பு தடைப்பட்டு, பதநீராகவே நிற்கும். ஆகவே மரத்தையும் பாளையையும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. போதை இருக்கிறதா என்பதே கேள்வி. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை தண்ணீரில் ஊறவைக்கப்படும் என்றும், அன்றும், மறுநாளும், மூன்றாம் நாள் மாலை வரையிலும் அதை அருந்துவார்கள் என்றும், மிஞ்சியது இருந்தால் கொட்டிவிடச் செய்வார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக முஸ்லிமில் வருகிறது. இனிப்பாக இருக்கும் வரை அருந்துவதும், மாறத் தொடங்குமுன் கைவிடுவதும் அதில் நாம் கற்கும் ஒழுங்கு. காலையில் இறக்கிய பதநீரைக் காலையிலேயே குடியுங்கள். நுரைத்து, புளித்த வாடை வந்தால், அதன் விலையை எண்ணாமல் கொட்டிவிடுங்கள். அதிகமாகக் குடித்தால் போதை தருவது எதுவோ அதில் ஒரு மிடறும் நமக்கு ஹராம் என்பதில் விவாதமில்லை.

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ரமழான் மாதம் மார்ச்சில் தொடங்கியது. பதநீரும் நுங்கும் வரத்தொடங்கும் காலம். கோடையின் முதல் வெப்பத்தில் நோன்பு வைத்தவர்களுக்கு அல்லாஹ் வாசலிலேயே குளிர்ச்சியை வைத்திருந்தான். ஆயினும் பல வீடுகளின் இஃப்தார் விரிப்பில் நோன்புக் கஞ்சிக்கும் பேரீச்சைக்கும் அருகில் இருந்தது நிறமேற்றிய பாட்டில் பானம்தான். பாட்டில் பானம் ஹராம் என்று நான் சொல்லவில்லை. நாலு தெருவுக்கு அப்பால் விற்கும் நுங்கை ஏறெடுத்துப் பாராமல், எங்கோ ஓர் ஆலையில் அடைத்த சீனித் தண்ணீருக்குக் காசு கொடுப்பது, விருந்துக்கு அழைத்தவர் பரிமாறியதை ஒதுக்கிவிட்டு வெளியே உணவு தேடுவதைப் போன்றது என்று மட்டும் சொல்கிறேன்.

அளவையின் உரிமை

இரண்டாவதாக அளவையை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இதில்தான் நானும் தவறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, சாலையோரம் நுங்கு விற்ற மூதாட்டி ஒருவரிடம் ஐம்பது ரூபாய்க்குச் சுளைகள் வாங்கினேன். எண்ணிப் போட்டு முடித்ததும், “ஆச்சி, இன்னும் ரெண்டு போடுங்க” என்றேன். “கட்டாது பாய், மரம் ஏறுறவனுக்குக் கூலி குடுக்கணும்லா” என்றார். நான் விடவில்லை. பேசிப் பேசி இரண்டு சுளைகளை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். வெற்றி பெற்ற நிறைவு எனக்கு. மறுநாள் மத்ரஸாவில், விற்கும்போதும் வாங்கும்போதும் தன் கடனைத் திரும்பக் கேட்கும்போதும் பெருந்தன்மையோடு நடக்கும் மனிதருக்கு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளை வேண்டிய ஹதீஸைப் பாடம் நடத்தினேன். புகாரியில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி அது. பாடம் முடிந்ததும் பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஹஸ்ரத், நேத்து நுங்கு வாங்கினது இதுல சேருமா?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். “சேராது” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அன்று மாலை அந்த ஆச்சியைத் தேடிப் போனேன். இரண்டு சுளைக்குரிய காசை நீட்டியபோது அவருக்கு என் முகமே நினைவில்லை. என்னைப் போல எத்தனை பேர் அன்றாடம் அவரிடம் இரண்டிரண்டாக வாங்கிப் போயிருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பேரம் பேசுவது மார்க்கத்தில் கூடும். அதை மறுப்பதற்கில்லை. நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சி எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய விலையை நிறுத்துக் கொடுக்கும்படி பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அவர்களும் கூடுதலாகவே நிறுத்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல், ஒட்டகத்தையும் ஜாபிரிடமே திருப்பித் தந்துவிட்டார்கள். பேரத்தை நாம் சுன்னத்தாகச் சொல்லிக்கொள்கிறோம். அதன் முடிவை மறந்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “எல்லா விற்பனையாளரும் நேர்மையானவர்களா? முற்றிய நுங்கைத் தலையில் கட்டுகிறார்கள். பதநீரில் தண்ணீர் கலக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் வரவுக்கு மேல் செலவு இருக்கிறது. ஐந்து ரூபாயைக் காப்பாற்றுவது குற்றமா?” என்று ஓர் இல்லத்தரசி கேட்டால், குற்றமில்லை என்பேன். முற்றிய சுளையைத் திருப்பிக் கொடுக்கலாம். விலை கட்டாவிட்டால் வாங்காமல் போகலாம். நாலு இடத்தில் விசாரித்து வாங்கலாம். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. நான் பேசுவது வசதியிருந்தும் பழக்கத்தால் அடித்துப் பேசும் என்னைப் போன்றவர்களைப் பற்றி. பாட்டிலில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கும் நாம், எழுதி ஒட்டிய விலை இல்லாதவரிடம் மட்டும் நம் திறமையைக் காட்டுகிறோம். அந்த வேறுபாட்டுக்கு மறுமையில் நம்மிடம் விடை இருக்குமா?

வாங்குபவர்களுக்குச் சொன்னதைவிட விற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம். நம் சமுதாயம் வணிகச் சமுதாயம். பனைப் பொருள் வியாபாரத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து உடன்குடியின் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது தேரியோர விடிலிகளின் உழைப்பு. ஏறக்குறைய பத்து லிட்டர் பதநீரைக் கைவிடாமல் கிண்டிக் காய்ச்சினால் ஒன்று முதல் ஒன்றரை கிலோ கருப்பட்டி தேறும். அந்தக் கணக்கு கட்டாதென்று சீனியைக் கரைத்து ஊற்றிக் கருப்பட்டி வார்ப்பவர்கள் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததுதான் குற்றம். சீனி கலந்ததைச் சீனி கலந்தது என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்பவருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. மறைத்து விற்பவருக்கு, அவர் தொப்பி அணிந்து முதல் வரிசையில் தொழுதாலும், அது பொருந்தும்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவம் தொடங்குமுன் பனையேறும் தொழிலாளருக்குக் கையில் காசிருக்காது. கடன் கொடுத்து, “உன் சரக்கு முழுவதையும் எனக்கே, நான் சொல்லும் விலைக்கே தர வேண்டும்” என்று கட்டிப்போடும் வழக்கம் உண்டு. முன்பணம் கொடுத்து விளைச்சலை வாங்குவது ஸலம் என்னும் ஒப்பந்தமாக மார்க்கத்தில் கூடும். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது மக்கள் அவ்வாறு வாங்குவதைக் கண்டார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். விலை முழுவதையும் அப்போதே பேசிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அறிஞர்கள் வகுத்த நிபந்தனை. ஆனால் கடனாகக் கொடுத்துவிட்டு, அக்கடனுக்கு ஈடாக மலிவு விலையை நிபந்தனையாக்குவது வேறு. கடன் கொடுத்தவர் அதன் நிபந்தனையாகப் பெறும் ஆதாயம் வட்டியைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் ஒத்துக்கொண்ட விதி. வங்கி வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் சகோதரர், இந்த வட்டியை ‘வியாபாரம்’ என்ற பெயரில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது.

ஊரின் உரிமை

பனையேறும் சகோதரர்களில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். அதிகாலை இருட்டில் தொடங்கி, நாளொன்றுக்கு 30, 40 மரங்கள் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஏறிய மரத்தில் மாலையில் மீண்டும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். கால் வழுக்கினால் உயிரோ இடுப்போ போகும். நாம் பட்டையில் பருகும் ஒவ்வொரு மிடறும் அத்தனை உயரத்திலிருந்து இறங்கிவருகிறது. ஊருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆக் கேட்டபோது அந்த ஊரில் முஸ்லிம்கள் மட்டும் வாழவில்லை என்பதை மறக்கக் கூடாது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதாக நபியவர்கள் சொன்னதை அவர்கள் அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

வெளியூர்ச் சரக்கைச் சந்தைக்கு வருமுன்பே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கிராமத்தவருக்காக நகரத்தவர் இடையில் புகுந்து விற்றுக் கொடுப்பதையும் தடுத்து, மனிதர்களில் சிலர் வழியாகச் சிலருக்கு அல்லாஹ் வாழ்வாதாரம் வழங்க வழிவிடுமாறு அறிவுறுத்தினார்கள். தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணமும் இதைப் போன்றதே: விளைவித்தவரும் உண்பவரும் இடைத்தரகர் இன்றி நேரே சந்திக்க வேண்டும். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைக்குச் செல்லும் நம் உறவினர்கள் அந்தப் பயனை அறிவார்கள். நுங்கையும் பதநீரையும் பொறுத்தவரை நம் ஊர்ச் சாலையோரமே உழவர் சந்தைதான். முடிந்தவரை, மரத்துக்கு மிக அருகில் இருப்பவரிடம் வாங்குங்கள். உங்கள் காசு எவ்வளவு குறைந்த கைகளைக் கடந்து செல்கிறதோ, அவ்வளவு முழுமையாக அது உழைத்தவரைச் சேரும்.

குழந்தையின் உரிமை

முதல் கனி மிகச் சிறிய குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் வீடுகளில் முதல் நுங்கு யாருக்குப் போகிறது? பல குழந்தைகளுக்கு நுங்கின் தோலை எப்படி உரிப்பது என்றே தெரியவில்லை. அதைப் பழிப்பதில் பயனில்லை. நாம் கையில் கொடுக்காததை அவர்கள் எப்படி அறிவார்கள்? இந்தப் பருவத்தில் வீட்டுக்கு வரும் முதல் நுங்கைக் கடைக்குட்டியின் கையில் கொடுங்கள். கொடுக்குமுன் அதைக் கையில் ஏந்தி, கனிக்கும் ஊருக்கும் அளவைக்கும் பரக்கத் வேண்டுங்கள். அந்த அரை நிமிடத்தில் குழந்தை கற்பதை நான் ஒரு வகுப்பு முழுவதும் பேசினாலும் கற்பிக்க முடியாது.

குழந்தையின் உரிமை அத்துடன் நிற்கவில்லை. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்தது. சட்டம் வெட்டுவதைத் தடுக்கலாம். நடுவதை நாம்தான் செய்ய வேண்டும். இங்கே என் மனத்தை விட்டு நீங்காத ஒரு கணக்கைச் சொல்கிறேன். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. மார்ச்சில் இருந்த நோன்பு பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகர்ந்து, பதநீர்ப் பருவத்தை விட்டு விலகிச் செல்கிறது. பின் மழைக்காலம் முழுவதையும் கடந்து, 2046, 2047 வாக்கில் ஜூலை, ஜூன் மாதங்கள் வழியாக மீண்டும் பதநீர்ப் பருவத்தைத் தொடும். ஏறக்குறைய 20 ஆண்டுகள். ஒரு பனை விதை முளைத்து வளர்ந்து பாளை விடவும் ஏறக்குறைய 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

அதாவது, நாம் இப்போது நடும் விதை, ரமழான் அடுத்த முறை பதநீர்க் காலத்துக்குத் திரும்பி வரும்போதுதான் பயன் தரத் தொடங்கும். இன்று மக்தபில் அலிஃப், பா படிக்கும் பிள்ளை அன்று தன் பிள்ளைக்கு நோன்பு திறக்க நுங்கு வாங்கிக் கொடுக்கும் வயதில் இருப்பான். நம்மில் பலர் அப்போது இருக்க மாட்டோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள நாற்றை நட முடிந்தால் நட்டுவிடும்படி ஏவும் நபிமொழியும் இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் உள்ளது. அறிவது நமக்குக் கடினமாக இல்லை. குழி தோண்டுவதுதான் கடினமாக இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பனம்பழம் உதிரும் ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு ஜுமுஆவுக்குப் பின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கப்ருஸ்தானின் எல்லையோரம், அனுமதி பெற்றுக் குளத்துக் கரையிலும், விதைகளை ஊன்றுவோம். பனைக்குப் பாத்தியும் உரமும் தேவையில்லை. ஒரு சாண் குழியும் சிறிது பொறுமையும் போதும். அதற்குமுன் இந்தப் பருவத்திலேயே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை நுங்கு வாங்கும்போது, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, “ஆச்சி, மரம் ஏறுறவர் நல்லா இருக்காரா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு சுளை கூடுதலாக வாங்கியதைவிட அது அதிக இனிப்பாக இருக்கும் என்பதற்கு நானே சாட்சி.

யா அல்லாஹ்! எங்கள் கனிகளிலும், எங்கள் ஊரிலும், எங்கள் தராசுகளிலும், எங்கள் பிள்ளைகளிலும் பரக்கத் செய்வாயாக! உண்பதற்கு முன் உரிமையை நினைப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.